காலி மேசையில் தனியாக பிளாக்ஜாக் ஆடினால் வாய்ப்பு குறையுமா?

செந்தூல் மணி:

வணக்கம். கெந்திங் மலை கசினோவுக்குப் போகிறவர்களுக்கும், முக்கியமாக அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கும் ஒரு கேள்வி.

நானும் வேலையிடத்து நண்பர்கள் இரண்டு பேரும் எப்போதாவது கோலாலம்பூரிலிருந்து மேலே ஏறுவது வழக்கம். இந்த முறை வார நாளில் மத்தியானமே போய்விட்டோம். பாதி மேசைகளில் ஆளே இல்லை. எனக்குக் கூட்டம் ஆகாது, அதனால் காலியாக இருந்த ஒரு பிளாக்ஜாக் மேசையில் (21ஐத் தாண்டாமல், சீட்டுப் போடும் கசினோ டீலரை முந்த வேண்டிய ஆட்டம்) உட்காரப் போனேன். உடனே ஒருவன் தடுத்தான்: "தனியா உட்காராதடா, டீலர் உன் ஒருத்தனையே உறிஞ்சிடுவான். நாலு பேர் இருந்தா கெட்ட சீட்டு நாலு பக்கமும் பிரிஞ்சு போகும்." இன்னொருவன் நேர் எதிர்க்கட்சி: "தனியா ஆடுறதுதான் பாதுகாப்பு. கடைசி நாற்காலியில எவனாவது வந்து உட்கார்ந்து, டீலர் 21ஐத் தாண்டி வெடிக்க வேண்டிய சீட்டை எடுத்துக்கிட்டுப் போக மாட்டான்."

நான் தனியாகத்தான் ஆடினேன். போனது போகட்டும், அதைப் பற்றிய புலம்பல் இல்லை இது. ஆனால் தனியாக ஆடும்போது டீலர் வெடிப்பதே அபூர்வமாக இருந்தது போலத் தோன்றியது. அப்புறம் கூட்டமான மேசையில் நின்று வேடிக்கை பார்த்தால் அந்த டீலர் சும்மா சும்மா வெடிக்கிறார். எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது உண்மையிலேயே நம் வாய்ப்பை மாற்றுமா? நான் எப்போது சீட்டு வாங்குவது, எப்போது நிற்பது என்ற அட்டவணையை ஓரளவு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். கணக்குக்கு ஒரு ஆட்டத்துக்கு 50 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்ளுங்கள்.


கிள்ளான் குமார்:

உங்கள் முதல் நண்பர் சொன்னதுதான் சரி. ஆள் அதிகம் இருந்தால் டீலருக்குப் போகும் சீட்டு மாறும். எங்கள் கூட்டத்தில் யாரும் தனியாக உட்காரவே மாட்டோம். இதற்குக் கணக்கெல்லாம் வேண்டாம், அனுபவம் போதும் லா.


பிறை முன்னாள் டீலர்:

தம்பி மணி, நான் இப்போது பட்டர்வொர்த்தில் அச்சுக்கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் இளவயதில் பல வருடம் உல்லாசக் கப்பல்களில் பிளாக்ஜாக் மேசையில் சீட்டுப் போட்டவன். மேசையின் அந்தப் பக்கம் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

நேரடியான பதில்: ஒரு ஆட்டத்துக்கு உங்கள் வாய்ப்பு மாறாது. மேசையில் நீங்கள் ஒருவர் இருந்தாலும் ஏழு பேர் இருந்தாலும் அதேதான். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு இழப்பீர்கள் என்பது மட்டும் மாறும், அதுவும் நிறையவே மாறும்.

முதலில் டீலரை விட்டுவிடுங்கள், பாவம். அவருக்கு அங்கே சொந்த புத்தி கிடையாது. 16 வரை வாங்க வேண்டும், 17 ஆனால் நிற்க வேண்டும். உங்கள் கையில் 12 இருக்கிறதா 20 இருக்கிறதா என்பது கண்ணெதிரே தெரிந்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. உங்களிடம் 18, என்னிடம் 17 என்று வந்தால் நான் தோற்றுத்தான் ஆக வேண்டும், இன்னொரு சீட்டு எடுக்க எனக்கு அனுமதி இல்லை. குறி வைப்பது, உறிஞ்சுவது எல்லாம் சொந்தமாக முடிவெடுக்கக்கூடியவன் செய்யும் வேலை.

அடுத்தது சீட்டு. கலைத்து வைத்த கட்டில் அடுத்த சீட்டு என்னவென்று யாருக்கும் தெரியாது. அது பத்தாக இருக்கும் வாய்ப்பு உங்களுக்கு எவ்வளவோ, பக்கத்து நாற்காலிக்கும் எனக்கும் அவ்வளவுதான். நடுவில் நாலு பேர் வாங்கிக்கொண்டால் உங்களுக்கு வேறு சீட்டு வரும், உண்மை. அது நல்ல சீட்டாக இருக்கவும் கெட்ட சீட்டாக இருக்கவும் அதே வாய்ப்புதான். கடைசி நாற்காலி வழக்கும் இங்கேயே முடிந்தது. டீலர் 6 காட்டுகிறார், கடைசி ஆள் கையில் 12, பேசாமல் நிற்க வேண்டியவர் ஒரு சீட்டு வாங்கி ராஜாவை எடுத்துக்கொண்டு வெடிக்கிறார். அப்புறம் டீலர் மூடி வைத்திருந்த பத்தைத் திருப்பி, அடுத்து 5 விழுந்து 21 ஆகிறது. மேசையே எழுந்து நின்று அவரைத் திட்டும். கப்பலில் ஒரு தடவை கைகலப்பு வரைக்கும் போய், மேற்பார்வையாளர் ஓடி வந்தார். ஆனால் அதே ஆள் அதே தப்பைச் செய்து டீலருக்கு வர வேண்டிய நல்ல சீட்டை எடுத்துக்கொண்டு போய், டீலர் வெடித்தால்? ஒருவரும் அவருக்கு நன்றி சொல்லி நான் பார்த்ததில்லை. பணத்தைப் பொறுக்குவதில் குறியாக இருப்பார்கள்.

இப்போது நீங்கள் கண்ணால் பார்த்தது. அது பொய்யில்லை, ஆனால் காரணம் வேறு. நீங்கள் 21ஐத் தாண்டி வெடித்துவிட்டால் உங்கள் பணத்தை நான் அப்போதே எடுத்துக்கொள்வேன். தனியாக இருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது, நான் என் கையை ஆடி முடிக்கத் தேவையே இல்லை. ஆடியிருந்தால் நானும் வெடித்திருப்பேனா என்பது உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கே பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்தும்) விழுந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். கூட்டமான மேசையில் யாராவது ஒருவர் நின்றுகொண்டிருப்பார், அதனால் கிட்டத்தட்ட ஒவ்வொரு ஆட்டத்திலும் டீலர் தன் கையை முடித்தே ஆக வேண்டும். ஆடி முடித்த கைகளில் டீலர் நூற்றுக்கு ஏறக்குறைய 28 தடவை வெடிப்பார். தனியாக ஆடும்போது அதில் சில உங்கள் கண்ணில் படாமலே போகும். நீங்கள் வெடித்த பின் டீலர் வெடித்தாலும் பணம் திரும்பி வராது என்பதால், அதைப் பார்த்தால் என்ன பார்க்காவிட்டால் என்ன. கசினோவின் லாபம் பிறக்கிற இடமே இதுதான்: இரண்டு பேரும் வெடித்தால் தோற்றவர் நீங்கள், ஏனென்றால் நீங்கள் முதலில் வெடித்தீர்கள்.

அப்புறம் வேகம். எல்லாம் இதில்தான் இருக்கிறது. ஆள் இல்லாத மேசையில் டீலர் சீட்டுகளை விசிறி போல விரித்து வைத்து, கையை மேசை மேல் பரப்பி நின்றுகொண்டிருப்பார். நீங்கள் வந்து உட்கார்ந்ததும் அள்ளி, கலைத்து, வெட்டுச் சீட்டை உங்கள் கையில் கொடுத்துச் செருகச் சொல்லி, தொடங்கினார் என்றால் நிற்க மாட்டார். உங்களுக்கு இரண்டு, அவருக்கு இரண்டு. விரலால் தட்டினால் சீட்டு, கையை வீசினால் நிறுத்தம். பத்து பதினைந்து வினாடியில் ஒரு ஆட்டம் முடிந்துவிடும். தனியாக ஆடுபவருக்கு மணிக்கு 200 ஆட்டம் போடுவது எங்களுக்குச் சாதாரணம். அதே மேசையில் ஏழு பேர் உட்கார்ந்தால் 50, 60ஐத் தாண்டாது. ஒருவர் யோசிப்பார், ஒருவர் தொலைபேசி பார்ப்பார், ஒருவர் தன் சீட்டையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு பக்கத்தில் இருக்கும் மனைவியைக் கேட்பார். அந்த மனைவி உங்களுக்கு மிச்சப்படுத்திக் கொடுக்கும் பணம் கொஞ்சநஞ்சமில்லை.

கணக்குப் போடுவதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்கள் வரட்டும்.


பாயான் லெப்பாஸ் கலா:

கூப்பிட்டதால் வந்தேன். தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன், நாள் முழுக்க நிகழ்தகவோடுதான் மல்லுக்கட்டு. சூதாட்டத்தில் எனக்கு ஆசை கிடையாது, கணக்கில் உண்டு.

ஆறு கட்டு, பிளாக்ஜாக்குக்கு இரண்டுக்கு மூன்று பட்டுவாடா, அட்டவணைப்படி தப்பில்லாத ஆட்டம் என்றால் கசினோவின் பங்கு கட்டிய பணத்தில் தோராயமாக 0.5 விழுக்காடு. மற்ற விதிகளைப் பொறுத்து கொஞ்சம் ஏறும் இறங்கும். இந்த அட்டவணை ஒன்றும் மாயம் இல்லை. 1956இல் அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு பேர் மேசைக் கணக்கு இயந்திரங்களை வைத்தே அதன் முதல் முழு வடிவத்தைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். அப்புறம் கணினிகள் வந்து அங்கங்கே திருத்தின. அதில் எங்கேயும் "பக்கத்தில் எத்தனை பேர்" என்று ஒரு வரிசை கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

மணி கட்டும் 50 வெள்ளியை எடுத்துக்கொள்வோம். தனியாக மணிக்கு 200 ஆட்டம் என்றால் மேசை மேல் போய் வருவது 10,000 வெள்ளி. அதில் 0.5 விழுக்காடு 50 வெள்ளி. ஏழு பேர் மேசையில் 50 ஆட்டம் என்றால் 2,500 வெள்ளி, அதில் 12 வெள்ளி 50 காசு. வாய்ப்பு அதேதான், விலை நான்கு மடங்கு. மனம்போன போக்கில் ஆடுபவருக்கு கசினோவின் பங்கு 2 விழுக்காட்டைத் தொடும், அவருக்கு அதே கணக்கு தனியாக 200 வெள்ளி, ஏழு பேர் மேசையில் 50 வெள்ளி ஆகிவிடும். "ஓரளவு மனப்பாடம்" என்று மணி எழுதியிருக்கிறார், அந்த "ஓரளவு" எங்கே விழுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

இது சராசரி. ஒரு நாளில் நடப்பது சராசரியை எட்டிக்கூடப் பார்க்காது. ஒரு ஆட்டத்தின் திட்ட விலக்கம் (முடிவு சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) பந்தயத்தைப் போல 1.15 மடங்கு, அதாவது 57 வெள்ளி 50 காசு. 200 ஆட்டத்துக்கு அதை 200இன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும், 800 வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆக, ஒரு மணி நேரம் தனியாக ஆடினால் 800 கூடுவதும் 800 குறைவதும் சாதாரணம். ஏழு பேர் மேசையில் அது 400ஐ ஒட்டி நிற்கும். ஒருவர் தனி மேசையில் 700 வெள்ளி இழந்துவிட்டு "டீலர் குறி வைத்தார்" என்றால், அது வெறும் இந்த அலைதான். அதே மேசையில் 700 ஜெயித்தவர் யாரும் டீலர் தனக்குக் குறி வைத்து உதவினார் என்று சொல்வதில்லை.

குமார் அண்ணன் அனுபவம் என்கிறார். அரை விழுக்காட்டு வித்தியாசத்தை 800 வெள்ளி அலைக்கு நடுவில் அனுபவத்தால் கண்டுபிடிக்க முடியாது அண்ணே. அதற்கு ஒரு ஆயுள் பத்தாது.

முன்னாள் டீலர் சார் "மாறாது" என்று அடித்துச் சொன்னதில் ஒரு மயிரிழை உண்டு. வெட்டுச் சீட்டு வெளியே வந்ததும் அந்தச் சுற்றோடு நிறுத்திக் கலைக்கும் மேசைகளில், ஆரம்பத்தில் பெரிய சீட்டுகள் நிறைய வந்துவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் சீட்டு குறைவாகச் செலவாகும். அதனால் கலைக்கும் முன் ஒரு சுற்று கூடுதலாக ஆட வாய்ப்பு வரும். மிச்சம் இருப்பவை சின்னச் சீட்டுகள், சின்னச் சீட்டு டீலருக்குச் சாதகம். கூடுதல் சுற்று வருவதே கெட்ட நேரத்தில்தான். இது ஆள் எண்ணிக்கையைப் பொறுத்தும் சற்று மாறும். ஆனால் ஆறு கட்டு ஆட்டத்தில் இதன் அளவு 0.02 விழுக்காடு போலத்தான். மணியின் 10,000 வெள்ளியில் 2 வெள்ளி. மாமாக் கடையில் ஒரு தே தாரிக் காசு.


செந்தூல் மணி:

அக்கா, அண்ணே, இரண்டு பேருக்கும் நன்றி. இப்போது புரிகிறது, டீலர் வெடித்த கணக்கை நான் எங்கே தவறவிட்டேன் என்று. இன்னும் இரண்டு கேள்வி. சீட்டு எண்ணுகிறவர்கள் (வந்துபோன சீட்டைக் கணக்கில் வைத்து மிச்சத்தை ஊகிப்பவர்கள்) காலி மேசையைத்தான் தேடுவார்கள் என்று கேள்விப்பட்டேன், அது ஏன்? அப்புறம் சீனப் பெருநாளுக்கு எதிர்வீட்டு அங்கிள் வீட்டில் பான் லக் (21 மாதிரியான வீட்டுச் சீட்டாட்டம், டீலர் இடத்தில் நம்மில் ஒருவர் பேங்கர்) ஆடுவோம். அதில் பேங்கரும் நானும் மட்டும் ஆடினால் இதே கதைதானா?


பிறை முன்னாள் டீலர்:

கலா சொன்ன மயிரிழையை ஒத்துக்கொள்கிறேன், அந்தத் தே தாரிக் நான் வாங்கித் தருகிறேன்.

சீட்டு எண்ணுகிறவர் விஷயம் வேறு. ஆறு கட்டில் 312 சீட்டு. ஒன்றரைக் கட்டு மிச்சம் வைத்து வெட்டினால் 234 சீட்டு ஆட்டத்துக்கு வரும். ஒரு கைக்குச் சராசரி 2.7 சீட்டு செலவாகும். தனியாக ஆடினால் உங்கள் கை, டீலர் கை, இரண்டே கை. மறுபடி கலைக்கும் முன் 43 சுற்று ஆடலாம். ஏழு பேர் என்றால் எட்டு கை, 11 சுற்றோடு முடிந்துவிடும். எண்ணுகிறவருக்கு மிச்சச் சீட்டில் பத்தும் ஏஸும் அதிகம் இருக்கும் நேரத்தில் மட்டும்தான் மேல்கை. அந்த நேரம் வரும்போது பெரிய பந்தயம் கட்டி நிறைய ஆட்டம் ஆட வேண்டும், மற்ற ஆறு பேர் அந்த நல்ல சீட்டைப் பங்குபோட்டுக்கொள்ளக் கூடாது. அதனால்தான் காலி மேசை. நமக்கு இழப்பை வேகப்படுத்துவது அவருக்கு லாபத்தை வேகப்படுத்துகிறது. எங்கள் மேற்பார்வையாளருக்கும் இது தெரியும். காலி மேசையில் தனியாக உட்கார்ந்து, பந்தயத்தைத் திடீரென்று பத்து மடங்கு ஏற்றி இறக்கும் ஆளின் பின்னால் சத்தமில்லாமல் வந்து நிற்பார். தொடர்ந்து கலைக்கும் இயந்திரம் உள்ள மேசையில் இந்த வித்தை செல்லாது. ஆடிய சீட்டு உடனே உள்ளே போய்விடும், எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மேசையில் கலைப்பதற்காக நிறுத்துவதும் கிடையாது, தனியாக உட்கார்ந்தால் மூச்சுவிட நேரம் இருக்காது.

தனிமைதான் பிடிக்கும் என்றால் வேகத்தை நீங்களே குறைக்கலாம். பந்தயம் வைக்காமல் ஒரு டீலரும் சீட்டுப் போட முடியாது. தண்ணீர் குடியுங்கள், அவரிடம் ஊர் எது என்று கேளுங்கள். காலி மேசையில் நிற்கும் டீலருக்குக் கால் வலியும் அலுப்பும்தான் துணை, யாராவது பேசினால் சந்தோஷப்படுவார். நானும் அப்படித்தான் இருந்தேன். இன்னொன்று, உட்காரும் முன் மேசைத் துணியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பிளாக்ஜாக்குக்கு ஐந்துக்கு ஆறு என்று இருந்தால் எழுந்துவிடுங்கள். அது ஒன்றே கசினோவின் பங்கை 1.4 விழுக்காடு போல ஏற்றிவிடும். மேசையில் எத்தனை பேர் என்று யோசிக்கும் பாதி நேரத்தை இதற்குச் செலவழித்தால் போதும்.

வீட்டிலிருந்தபடியே தொலைபேசியில் ஆடலாமே என்று யாரும் எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், நம் நாட்டில் சட்டப்படி இருக்கும் ஒரே கசினோ கெந்திங்தான். வயது 21 ஆகியிருக்க வேண்டும், முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை. இணையத்தில் வருவதெல்லாம் சட்டத்துக்குப் புறம்பு, அங்கே சீட்டை யார் கலைக்கிறார்கள் என்பதே தெரியாது.

பான் லக் முற்றிலும் வேறு கதை. பெயரளவில்தான் 21. அதில் பேங்கருக்குச் சொந்த புத்தி உண்டு. எங்கள் வீட்டு விதிப்படி ஆடுபவர் 16ஐத் தொட்டாக வேண்டும், முதல் இரண்டு சீட்டில் 15 வந்தால் பணம் இழக்காமல் ஓடிவிடலாம், இரண்டு பேரும் வெடித்தால் யாருக்கும் இல்லை. பார்த்தீர்களா, கசினோ லாபம் எடுக்கும் இடமே இங்கே அடைபட்டுவிட்டது. அதற்குப் பதிலாக பேங்கருக்கு வேறு ஆயுதம். தன் கை 16ஐத் தொட்டதும் யார் சீட்டை எப்போது திறப்பது என்பதை அவரே முடிவு செய்வார். நாலு சீட்டு இழுத்துவிட்டு முகம் சுருங்கி உட்கார்ந்திருக்கும் மருமகனை முதலில் திறந்து காசை வாங்கிக்கொள்வார். இரண்டே சீட்டோடு தெம்பாகக் கால்மேல் கால் போட்டிருக்கும் அத்தையை விட்டுவைத்து, அவரை வெல்லத் தனக்கு இன்னொரு சீட்டு இழுத்துப் பார்ப்பார். திறந்த சீட்டுகளும் அவருக்குத் துப்பு.

அங்கே எத்தனை பேர் என்பது நிஜமாகவே கணக்கில் சேரும். நீங்கள் மட்டும் எதிரே இருந்தால் பேங்கருக்கு மற்றவர்களின் சீட்டு தெரியாது, அது உங்களுக்கு நல்லது. ஆனால் அவர் படிக்க வேண்டிய முகம் உங்களுடையது ஒன்றுதான், வேறெங்கும் பார்க்க வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த பினாங்கு அங்கிள்கள் சீட்டையே பார்க்க மாட்டார்கள், ஆளைத்தான் பார்ப்பார்கள்.


கிள்ளான் குமார்:

அது சரி, பான் லக்கில் நான் எப்போதும் முகத்தைத் தொங்கப்போட்டுத்தான் வைத்திருப்பேன், 20 வந்தாலும். ஆனால் கெந்திங்கில் நான் இன்னமும் தனியாக உட்கார மாட்டேன்.


பாயான் லெப்பாஸ் கலா:

உட்காராதீர்கள் அண்ணே. காரணம் தப்பாக இருந்தாலும் உங்கள் பணத்துக்கு அதுதான் நல்லது.


செந்தூல் மணி:

அப்படியானால் பான் லக்கில் பேங்கராக உட்காருவதுதான் லாபமா?


பிறை முன்னாள் டீலர்:

முறை வந்தால் உட்காருங்கள். ஆனால் பையில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஏஸும் பத்தும் சேர்ந்தால் இரண்டு மடங்கு, இரண்டு ஏஸுக்கு மூன்று மடங்கு, ஐந்து சீட்டு வெடிக்காமல் இழுத்தவருக்கு இரண்டு மடங்கு. எங்கள் தாமானில் மூன்று ஏழுக்கு ஏழு மடங்கு. சுற்றி எட்டுப் பேர் 20 வெள்ளி கட்டி உட்கார்ந்திருக்கும்போது இதில் இரண்டு ஒரே சுற்றில் விழுந்தால் எண்ணிக் கொடுக்க வேண்டியது நீங்கள்தான். சில்லறை நோட்டாகக் கொண்டு போங்கள், அந்த நேரத்தில் அங்கிள் 100 வெள்ளியை மாற்றித் தர மாட்டார்.